யாருடைய ஓநாய்

அது என்னோடது. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். இரண்டே சொல், வாயைத் திறந்தால் தானாக வந்துவிடும், ஆனால் பொத்தேரி தாண்டிவிட்டது, நான் இன்னும் திறக்கவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் போகும் செங்கல் லாரியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஏதோ அதை நான்தான் கண்ணால் இழுத்துக்கொண்டு போகிற மாதிரி. பக்கத்தில் என் மகள் எழினி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள். பின்சீட்டில் என் கணவர், சாப்பாட்டுத் தூக்கம் கலைந்த எரிச்சலோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். "படிக்கிற பொண்ணு கேக்கிற விஷயமா இது? அம்மா உனக்கு அவ்வளவு தூரம் எடுத்துச் சொன்னா இல்ல? உக்கார வெச்சு, ஒரு நாள் பூரா?" அந்த அம்மா நான்தான். எடுத்துச் சொன்னவள். சிங்கப்பெருமாள் கோவிலில் என் நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசத்திலிருந்து திரும்பிக்கொண்டிருக்கிறோம், காலையில் போகும்போது அவர்தான் ஓட்டினார், அவர் ஃபோனில் பாட்டு ஓடியது. திரும்பும்போது "பாயசம் ஓவராயிடுச்சு கோதை, நீ எடு" என்று பின்னால் போய்ச் சாய்ந்துவிட்டார், அவர் ஃபோனில் சார்ஜும் இல்லை. சாவியைத் திருப்பினேன். வண்டி தானாக என் ஃபோனைத் தேடிப் பிடித்துக்கொண்டது. ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு வயலின், பிறகு காற்று, பிறகு அவன், நாலு கதவிலிருந்தும், முழுச் சத்தத்தில். "யாழ்... இந்த ஊரின் எந்தச் சந்துக்குள் நீ ஓடினாலும் உன் வாசனை என்னிடம் வந்து சேரும். நீ என் உடைமை. அது உன் ரத்தத்துக்கே தெரியும்." அப்புறம் அந்த உறுமல். நிறுத்தப் போய் சத்தத்தைக் கூட்டிவிட்டேன், இன்னொரு உறுமல் இன்னும் பெரிதாக வந்தது, பிறகுதான் நின்றது. அவர் எழுந்து உட்கார்ந்து, "யாருது இது? எழில், இதெல்லாமா கேக்கிற நீ?" என்றார். என்னை அவர் நினைக்கக்கூட இல்லை. வண்டியின் திரையில் பூங்கோதை என்று என் பேர் இருந்தது, கண்ணாடி போடாத அவருக்குத் தெரியவில்லை, எழினிக்குத் தெரிந்தது. அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் வண்டியின் பின்பார்வைக் கண்ணாடியைச் சரிசெய்கிற மாதிரி கையை மேலே கொண்டுபோனேன். அந்தக் கையை இப்போது நினைத்தாலும் வெட்டிப் போடலாம் போலிருக்கிறது. "ஆமாப்பா," என்றாள் எழினி. "என்னோடதுதான்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். லாரியை முந்தினால் சொல்லிவிடுவது என்று வைத்துக்கொண்டேன், முந்தியும் ஆயிற்று, இப்போது முன்னால் ஒரு வேன், அதன் பின்கண்ணாடியில் ஒரு குழந்தை நாக்கை நீட்டுகிறது. என்னவென்று சொல்வது, நான் விலங்கியல் பேராசிரியை, கல்லூரியில் பெண்கள் புகார்க் குழுவில் உறுப்பினர், என் வயது நாற்பத்தைந்து, என் ஃபோனில் ருத்ரேந்திரன் என்று ஒருவன் இருக்கிறான், பகலில் பழைய மகாபலிபுரம் சாலையில் அடுக்குமாடி கட்டும் கம்பெனிக்கு முதலாளி, இருட்டினால் ஓநாய், கத்திப்பாரா மேம்பாலத்துக்கு அடியில் அவன் கூட்டம் கூடும், ஆம்புலன்ஸ் நர்ஸ் யாழ்மொழி அவனுக்கென்று விதிக்கப்பட்டவள், செத்தவர்கள் பேசுவது அவள் காதில் விழும். இதையா சொல்வது. சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறதே. சிரிக்கத்தான் கேட்க ஆரம்பித்தேன், போன மழைக்காலத்தில், ஃபோனில் ஏதோ ஒலித்தொடர் என்று விளம்பரம் வந்தது, ஸ்டாஃப் ரூமில் சொல்லிச் சிரிக்கலாம் என்று. எங்கே சிரிப்பு நின்றது என்று தெரியவில்லை. இரண்டாம் வருஷப் பிள்ளைகளுக்கு விலங்குகளின் நடத்தை பற்றி நான்தான் பாடம் எடுக்கிறேன். ஓநாய்க் கூட்டத்துக்கு ஒரு முரட்டுத் தலைவன், அவன் கடித்து அடக்கி ஆள்கிறான் என்பதெல்லாம் கூண்டில் அடைத்த, ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களைப் பார்த்து எழுதியது, காட்டில் இருப்பது வெறும் அப்பா, அம்மா, குட்டிகள், நம் வீடுகள் மாதிரிதான் என்று வருஷா வருஷம் போர்டில் படம் போட்டுச் சொல்கிறேன், பிள்ளைகள் சிரிக்கும். சென்னையில் ஓநாய் ஏது. நரி என்றாலாவது சதுப்பு நிலப் பக்கம் உண்டு. இவ்வளவும் தெரிந்த மண்டைதான், அவன் உறுமினால் பாத்திரம் தேய்க்கிற கை நின்றுவிடுகிறது, குழாய் பாட்டுக்கு ஓடுகிறது. தெரியாதவள் கேட்டால் அது பொழுதுபோக்கு. தெரிந்தவளுக்கு என்ன பேர். இன்றைக்கும் புது வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்த நாத்தனாரிடம் மொட்டை மாடியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பட்டுப்புடவையோடு, காதில் மாட்டிக்கொண்டு நின்றேன். கீழே பந்தி நடந்துகொண்டிருந்தது. திருட்டுத்தனமாகச் சிகரெட் பிடிக்கிறவன் நிற்கிற இடம் அது.

"அந்தப் பையன் விஷயம் முடிஞ்சதுன்னுதானே நாங்க நிம்மதியா இருக்கோம்," என்கிறார் அவர். "மறுபடி இந்த மாதிரியெல்லாம் கேட்டா என்னம்மா அர்த்தம்?" அந்தப் பையன் தருண். அவளோடு கட்டிடக்கலை படிப்பவன், ஒரு வருஷம் சீனியர். வீட்டுக்குக்கூட வந்திருக்கிறான், செருப்பை வரிசையாக வைப்பான், ஆன்ட்டி என்று குழைவான். எனக்கும் பிடித்திருந்தது. பிறகுதான் எழினியின் ஃபோன் ஓயாமல் அதிர்வது தெரிந்தது. எங்கே இருக்கிறாள் என்று ஃபோன் வரைபடத்தில் அவனுக்குக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். காட்டாவிட்டால் வந்து நிற்பான். தோழி வீட்டு வாசலில் நின்றிருக்கிறான், பல் டாக்டர் வாசலில் நின்றிருக்கிறான். அவன் ரொம்ப கேரிங்மா என்றாள் எழினி, கண் பளபளக்க. அன்றைக்கு நான் லீவ் போட்டேன். இருவரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தோம். அக்கறை வேறு, ஆக்கிரமிப்பு வேறு என்றேன். புதுப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் கூட்டத்தில் சொல்கிற வாக்கியம், நன்றாகக் கைதட்டுவார்கள். உன்னைக் காவல் காக்கிறேன் என்று வருகிறவன் கடைசியில் உன்னைச் சிறை வைப்பான் என்றேன். எழினி முதலில் வாதாடினாள், பிறகு அழுதாள், பிறகு என் கண் முன்னாலேயே அவன் நம்பரைத் தடுத்துவைத்தாள். புத்திசாலிப் பெண், எதைச் சொன்னாலும் புரிந்துகொள்வாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அதோடு விட்டிருந்தால் சரி. அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் நான் துணி எடுக்க மாடிக்குப் போனேன், காதில் மாட்டிக்கொண்டு. அன்றைய பகுதியில் யாழ்மொழியின் விடுதிக்கு எதிர்க் கட்டிடத்து உச்சியில் ருத்ரேந்திரன் விடிய விடிய நிற்கிறான், மழையில், அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. அவள் ஜன்னலைத் திறக்கிறாள். போகச் சொல்கிறாள். உன் மூச்சு சீராகும் வரை போகமாட்டேன் என்கிறான். நான் காய்ந்த துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன், வெயில் சூடு இன்னும் துணியில் இருந்தது, கீழே என் மகள் அழுதுகொண்டிருந்தாள். இரண்டும் ஒரே வீட்டில், ஒரே சாயங்காலத்தில். அந்த நேரத்தில் எனக்கு எதுவும் உறுத்தவில்லை, அதுதான். ஒரு காதில் ஒன்று, இன்னொரு காதில் இன்னொன்று, நடுவில் நான் ஒரு சுவர் மாதிரி நின்றிருந்தேன்.

ஊரப்பாக்கத்தில் வண்டிகள் தேங்கி நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஊருக்குப் போனவர்கள் எல்லாம் திரும்புகிறார்கள். எனக்கு இடப்பக்கம் ஒரு பைக் வந்து நிற்கிறது, ஆக்சிலேட்டரைத் திருகித் திருகி விடுகிறான், அந்தச் சத்தத்துக்கு என் முதுகு தானாக நிமிர்ந்துகொள்கிறது. இத்தனை வருஷமாகியும். பாளையங்கோட்டையில் எம்.எஸ்ஸி. படிக்கும்போது என் பின்னால் ஒருவன் வந்தான். பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுத் தெருமுனை வரை, நான் நடக்கிற வேகத்துக்கு பைக்கை உருட்டிக்கொண்டு. ஒரு வார்த்தை பேசியதில்லை. முகம் எனக்கு ஞாபகமில்லை, நான் பார்த்தால்தானே ஞாபகம் இருக்கும், சத்தம்தான் இருக்கிறது, விட்டு விட்டு உறுமுகிற சத்தம். பஸ்ஸை மாற்றினேன், அவனும் மாறினான். ஒரு நாள் அம்மாவிடம் சொன்னேன், அம்மா அப்பாவிடம் சொன்னாள், அப்பா என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நீ திரும்பிப் பாத்தியா?" அவன் யார் என்று கேட்கவில்லை, பயந்துவிட்டாயா என்று கேட்கவில்லை. பார்க்கலை என்றேன். அதற்கப்புறம் அண்ணன் கொண்டுவிட்டான், அண்ணன் கூட்டிவந்தான், பரீட்சை முடிந்ததும் கல்யாணம். ஒரு பெண் தெருவில் தன் பாட்டுக்கு நடப்பதற்கு ஓர் ஆண் துணை வேண்டும், அந்த ஆண் எவனோ ஒரு ஆணுக்குப் பயந்து வைக்கப்பட்டவன், இவன் போனால் அவன் வருவான். யாழ்மொழியைப் பார், நடுச்சாமத்தில் அடையாற்றுப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் தனியாக உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுகிறாள், இருட்டில் ஒருவன் நிற்கிறான் என்று அவளுக்குத் தெரியும், ஆனால் இருட்டில் நிற்கிறவன் அவளுக்காக நிற்கிறான். ஊரே அவளுக்குத் திறந்து கிடக்கிறது. அதுதான் எனக்குப் பிடிக்கிறது, அவன் இல்லை, அவளுடைய நடை, அவளுடைய ஊர். இப்படிச் சொல்லலாம். எழினியிடம் இப்படிச் சொன்னால் நன்றாகத்தான் இருக்கும், ஒரு கட்டுரையே எழுதலாம். பொய். சுண்டல் சாப்பிடுகிற இடத்தை நான் திரும்பக் கேட்டதில்லை. உறுமுகிற இடத்தைத்தான் பின்னால் தள்ளித் தள்ளிக் கேட்டிருக்கிறேன். நீ என் உடைமை. கேட்கும்போது கழுத்துக்குப் பின்னால் ஏதோ ஓடும். அப்படியானால் அந்த பைக்குக்காரனைத்தான் நல்ல குரல் கொடுத்து, நல்ல மனசு கொடுத்து, இத்தனை வருஷம் கழித்து வீட்டுக்குள் கூப்பிட்டு வைத்திருக்கிறேனா. இல்லை. சே. இல்லை. அவன் வேறு. எப்படி வேறு என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை, பச்சை விழுந்துவிட்டது, பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள்.

"பாத்து கோதை, மெதுவா," என்கிறார் அவர். நல்ல மனிதர். அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவரால்தான் இது என்று ஆகிவிடும். கல்யாணத்துக்கு அப்புறம் என்னை முனைவர் பட்டம் முடிக்க வைத்தவர் அவர், எழினி கைக்குழந்தையாக இருக்கும்போது தூளியை ஆட்டிக்கொண்டே மின்வாரியப் பரீட்சைக்குப் படித்தவர். குரல் உயர்த்தியதில்லை. என்னிடம் எதையும் பிடுங்கியதில்லை. போன வருஷம் மாடிப்படியில் கால் பிசகி வீங்கிப்போய் வீட்டுக்குள் நொண்டிக்கொண்டே நடமாடினேன். நாலைந்து நாள் கழித்து, எலாஸ்டிக் கட்டைப் பார்த்துவிட்டு, "என்னாச்சு, சொல்லவே இல்ல?" என்றார். சொல்லவில்லைதான். சொன்னால் உடனே டாக்டரிடம் கூட்டிப்போயிருப்பார். சொல்ல வேண்டும், அவ்வளவுதான் விஷயம், எல்லாவற்றையும் நான் சொல்ல வேண்டும். அவனிடம் சொல்ல வேண்டியதில்லை, யாழ்மொழி மூன்று தெரு தள்ளி விரலை அறுத்துக்கொண்டால் அவன் மூக்குக்குத் தெரிந்துவிடும், அவள் சாப்பிடவில்லை என்பது தெரியும், பயந்தாள் என்பது தெரியும், பொய் சொன்னாள் என்பது தெரியும். கவனிக்கிறான் என்று நான் உருகுகிறேன். கண்காணிக்கிறான் என்று மேஜையில் உட்கார்ந்து மகளுக்குச் சொன்னேன். அவளும் இதற்குத்தானே உருகியிருப்பாள், அவள் வாயில் வந்த வார்த்தை கேரிங், நான் கேட்கவே இல்லையே, அது எப்படி இருந்தது, எந்த இடத்தில் உனக்கு இனித்தது, எந்த இடத்தில் கசந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் தீர்ப்புச் சொன்னேன். எனக்கு அந்த இனிப்பு எதுவென்றே தெரியாத மாதிரி, பிறந்ததிலிருந்தே தெரியாத மாதிரி.

வண்டலூரில் மிருகக்காட்சிசாலை வாசலிலிருந்து கூட்டம் வெளியே வந்து சாலையைக் கடக்கிறது, பலூன், ஐஸ்கிரீம், அப்பாவின் தோளில் தூங்குகிற பிள்ளைகள். நிற்கிறேன். இப்போது சொல்லிவிடலாம், வண்டி நிற்கிறது, கூட்டம் கடந்துமுடிக்கும் வரை நேரம் இருக்கிறது. அவர் சிரிப்பார். அதுதான் பயமா, அவர் கோபப்பட்டால்கூடத் தாங்கலாம், சிரிப்பார், பிறகு நாத்தனாரிடம் சொல்வார், கெட்ட எண்ணத்தில் இல்லை, சும்மா வேடிக்கைக்கு, அவள் எல்லோரிடமும் சொல்வாள், கோதை அண்ணி ஓநாய்க் கதை கேக்குறாங்களாம். "சரி, ஃபோனைக் குடு," என்கிறார் அவர் பின்னாலிருந்து. யாரிடம் என்று எனக்கு ஒரு கணம் புரியவில்லை, என்னிடம்தான் என்று நினைத்துவிட்டேன். "எழில், உன்கிட்டதான். ஃபோனைக் குடு. அந்தப் பையன்கிட்ட மறுபடி பேசுறியா என்னன்னு ஒரு தடவை பாத்துட்டுத் தந்துடுறேன்." இந்த மனிதர் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. அவள் டைரியைக்கூடத் தொடாதவர். இரண்டு சீட்டுக்கும் நடுவில் அவர் கை நீண்டு, உள்ளங்கை மேலே பார்க்க, காத்திருக்கிறது. "பேசலப்பா," என்கிறாள். "அப்ப காட்டறதுக்கு என்ன?" எழினி ஃபோனை வயிற்றோடு அழுத்திக்கொள்கிறாள். விரல் முட்டியெல்லாம் வெளுத்துவிட்டது. "வேணாம்பா, ப்ளீஸ்பா." ஒரு பொய் சொல்லி என்னைக் காப்பாற்றியவளின் முட்டி அது. அவர் கையை நான் அங்கே நீட்டவைத்திருக்கிறேன், நான்தான், என் வாய் திறக்காததுதான் அந்தக் கை. கூட்டம் கடந்துவிட்டது. வண்டியை எடுத்தேன், இடப்பக்க விளக்கைப் போட்டேன், பெருங்களத்தூர் வருவதற்கு முன்னால் சாத்தியிருந்த ஒரு டயர்க் கடை வாசலில் ஓரம் கட்டினேன்.

"என்னாச்சு? பஞ்சரா?" என்றார்.

"அது என்னோடது," என்றேன். ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். "அந்தக் குரல். அந்தக் கதை. எழில் கேக்கிறதில்ல. நான்தான் கேக்கிறேன்."

அவர் சிரித்தார், நான் பயந்த சிரிப்பு இல்லை, வேறு ஒன்று, செல்லமாக. "அவளைக் காப்பாத்தறதுக்காகச் சொல்லாத கோதை. நீயாவது, இதையாவது." இதை நான் எதிர்பார்க்கவில்லை. சொல்லிவிட்டால் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன், சொன்னாலும் நம்பமாட்டார்கள் என்று நினைக்கவில்லை. வெளியேறுவதற்கு இப்படி ஒரு வாசல் திறந்து கிடக்கிறது, நானும் சிரித்துவிட்டால் போதும். என் உள்ளுக்குள் ஒன்று அந்த வாசலை நோக்கி ஓடியதை நான் பார்த்தேன். எழினியும் பார்த்தாள் என்று நினைக்கிறேன். திரையைத் தொட்டு ஓடவிட்டேன். வயலின் வந்தது, காற்று வந்தது, யாழ்மொழி மூச்சு வாங்க ஓடுகிறாள், நின்றுவிட்டாள், இப்போது அவன் பேசுவான். அவன் பேசுவதற்கு முன்னால் நான் பேசினேன். "ஓடி முடித்தாயா?" என்றேன். "ஓடி முடித்தாயா?" என்றான் அவன். "உனக்கு மூச்சு வாங்கினால் எனக்கு வலிக்கிறது." "உனக்கு மூச்சு வாங்கினால் எனக்கு வலிக்கிறது." அவனுக்கு ஒரு சொல் முன்னால், எந்த இடத்தில் இழுப்பான், எந்த இடத்தில் நிறுத்துவான் என்று எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. காது மடல் இரண்டும் எரிந்தன. புடவைக்குள் வேர்த்துக் கொட்டியது. துணி இல்லாமல் நடுரோட்டில் நிற்பது இப்படித்தான் இருக்கும். உறுமல் வரும் முன் நிறுத்தினேன்.

நீண்டிருந்த கை பின்னால் போய்விட்டது. "சரி," என்றார் அவர், தொண்டையைச் செருமிக்கொண்டு. "சரி. இருக்கட்டும். அதுக்கென்ன." என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே சாத்தியிருந்த ஷட்டரைப் பார்த்தார். அவருக்கும் வெட்கமாக இருந்தது, எனக்காக இருந்ததா, தனக்காக இருந்ததா, தெரியவில்லை.

எழினிதான் பேசினாள். குரல் சின்னதாக இருந்தது, ஆனால் நேராக வந்தது. "உனக்கு இது பிடிச்சிருக்கு இல்லம்மா?"

"பிடிச்சிருக்கு."

"அப்ப எனக்குத் தருணைப் பிடிச்சது மட்டும் ஏன் அவ்ளோ தப்பா இருந்துச்சு?"

பொத்தேரியிலிருந்து நான் பயந்துகொண்டு வந்த கேள்வி அது, சிரிப்புக்கு இல்லை, இதற்குத்தான். அக்கறை, ஆக்கிரமிப்பு என்று நாக்கு தானாக ஆரம்பித்தது, கடித்துக்கொண்டேன். "எனக்குச் சரியாச் சொல்லத் தெரியல எழில்," என்றேன். "இவன நான் நிறுத்தினா நிக்கிறான். பாதி வார்த்தையில நிறுத்தினாலும் நிக்கிறான். ரெண்டு நாள் கேக்கலன்னா என்னைத் தேடி வரமாட்டான். நிஜத்துல நின்ன ஒருத்தன் எனக்கும் இருந்தான், பாளையங்கோட்டையில. அவன் என்னைக்கும் நிக்கல." நின்ன, நிக்கல, என்ன உளறுகிறேன். ஆனால் அவளுக்குப் புரிந்துவிட்டது. தலையை ஆட்டினாள். உதடு கோணிக்கொண்டு போயிற்று.

"தருணும் நிக்கலம்மா," என்றாள்.

"என்ன?"

"நீ பிளாக் பண்ணச் சொன்ன, பண்ணேன். வேற வேற நம்பர்ல இருந்து வரான். வெள்ளிக்கிழமை பஸ்ல எனக்குப் பின் சீட்ல இருந்தான். ஒண்ணும் பேசல, சும்மா உக்காந்திருந்தான். ஃபோன் பூரா அவன் மெசேஜ்தான் இருக்கு. அதான் அப்பாகிட்ட குடுக்கல. பாத்தா நான்தான் பேசிட்டு இருக்கேன்னு நெனைப்பாரு."

"ஏன்டி சொல்லல என்கிட்ட?"

"எப்படிச் சொல்றது? நீ அவ்ளோ தெளிவா பேசுன. அந்த மாதிரி ஒருத்தனைப் பிடிச்சுப்போறதுக்கு ஒருத்தி முட்டாளா இருக்கணும்கிற மாதிரி பேசுன. நான் முதல்லயே முட்டாளாயிட்டேன். மறுபடியும் வந்து நின்னா என்ன சொல்லுவ? உனக்கு இதெல்லாம் தெரியவே தெரியாதுன்னு நெனச்சேன்." மூக்கைப் புறங்கையால் துடைத்தாள். "அந்தச் சத்தம் வந்தப்ப நீ கைய மேல கொண்டு போன பாரு, அப்பதான் தெரிஞ்சுது. பாவமா இருந்துச்சு. அதான் என்னோடதுன்னு சொன்னேன்."

பாவமாக இருந்தது என்கிறாள். என் மகளுக்கு என்னைப் பார்த்தால் பாவமாக இருந்தது, பஸ்ஸில் பின்சீட்டில் அவன் மூச்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்து வந்தவளுக்கு. அவள் சாப்பாடு குறைத்ததை டயட் என்று நினைத்தேன். குளிக்கும்போதுகூட ஃபோனை உள்ளே எடுத்துப்போனதைப் பார்த்துத் திட்டினேன். மூன்று தெரு தள்ளி விரல் அறுபட்டால் தெரிந்துகொள்கிற மூக்கைப் பற்றி வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்த அதே வீட்டில், அடுத்த அறையில்.

"அவன் வீடு எங்க இருக்கு?" என்றார் பின்னாலிருந்து அவர். அது அவர் குரல் மாதிரியே இல்லை. அடிவயிற்றிலிருந்து வந்தது. "வண்டிய எடு கோதை. என் பொண்ணு பின்னாடி வரானா? இன்னைக்கு அவன் கையக் கால முறிச்சாத்தான் சரிப்படும். எடு வண்டிய." சீட்டின் முதுகை அவர் பிடித்த பிடியில் என் தோள் குலுங்கியது. அப்போது, அந்தக் கணத்தில்கூட, என் கழுத்துக்குப் பின்னால் அது ஓடியது, அதே சிலிர்ப்பு, இத்தனை வருஷத்தில் இந்த மனிதரிடமிருந்து முதல் முறையாக. யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரிந்தது. சாவியைத் திருப்பக் கை போனது. போவோம், இவர் இறங்கட்டும், உறுமட்டும், அவன் நடுங்கட்டும். பக்கத்தில் எழினி கதவின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, காலை மேலே இழுத்து, சீட்டோடு சீட்டாக ஒடுங்கிப்போயிருந்தாள். "வேணாம்பா," என்றாள், அவருக்குக் கேட்காத குரலில். பயம் அவளுக்கு அவனிடம் மட்டும் இல்லை, அந்த நேரத்தில் அவளைச் சுற்றி உறுமுகிற எல்லாவற்றிடமும் இருந்தது. எனக்கு இன்பமாக ஓடியது எதுவோ அதுவே அவளை அப்படிச் சுருட்டியிருந்தது. சாவியிலிருந்து கையை எடுத்தேன்.

"ஏங்க," என்றேன். "கொஞ்சம் சும்மா இருங்க. அவள பயமுறுத்தாதீங்க."

"நான் அவளையா பயமுறுத்துறேன்?" என்றார். பிறகு அவளைப் பார்த்தார். மெல்லப் பின்னால் சாய்ந்துகொண்டார். முகம் வாடிவிட்டது, என் பழைய கணவர் திரும்பி வந்துவிட்டார். "சரிம்மா. அப்பா ஒண்ணும் பண்ணல. நீ சொல்லாம எங்கயும் போகல," என்றார்.

எழினி காலை இறக்கவில்லை, ஆனால் கைப்பிடியை விட்டுவிட்டாள். என்னிடம் யோசனைகள் இருந்தன, நிறைய, வரிசையாக, புகார்க் குழு, கல்லூரி முதல்வர், காவல் நிலையம், ஒவ்வொன்றுக்கும் என்ன எழுத வேண்டும் என்பதுகூடத் தெரியும். எதையும் சொல்லவில்லை. பக்கத்தில் லாரிகள் போகும்போது வண்டி லேசாக ஆடியது. "உனக்கு என்ன பண்ணணும்னு இருக்கு எழில்?" என்று கேட்டேன். கேட்டுவிட்டுப் பயமாக இருந்தது, அவள் எதைச் சொன்னாலும் செய்ய வேண்டுமே, தப்பாகச் சொன்னால் என்ன செய்வது.

"தெரியலம்மா," என்றாள். "கம்ப்ளெயின்ட் குடுக்கணும்னுதான் இருக்கு. ஆனா முதல்லருந்து சொல்லணும். பிடிச்சிருந்ததையும் சொல்லணும். அதை விட்டுட்டுச் சொன்னா யாருக்கும் புரியாது."

"சொல்லு."

"அப்பா இருக்கும்போதா?"

திரும்பிப் பார்த்தேன். அவர் ஏற்கனவே கதவைத் திறந்துகொண்டிருந்தார். "அங்க டீக்கடை இருக்கு," என்றார். "வாங்கிட்டு வரேன். மெதுவா வரேன்." வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்துபோனார்.

எழினி என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். ஃபோனைத் திறந்து எங்கள் நடுவில் வைத்தாள். "நடுவுல பேசாதம்மா," என்றாள். நான் தலையாட்டினேன். சொல்ல ஆரம்பித்தாள்.